தூண் ரெண்டு, கேட்டு ஒண்ணு, கக்கூசு கடைசி

அன்றைக்கு எங்கள் வீட்டு வராண்டாவில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். இடது காலை நீட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். அவருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவர் பெண்டாட்டி, எனக்கு அக்கா முறை. அளவு டேப்பைத் தரையில் வைத்துவிட்டுக் காபிக்குக் காத்திருந்த மேஸ்திரி. ஆறாவது ஆள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி. அவனை வீடியோ காலில் கூப்பிட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தோம். பாதி நேரம் அவன் முகம் தெரிந்தது, பாதி நேரம் அவன் ரூம் ஃபேன் தெரிந்தது. எல்லாரையும் விட அதிகம் பேசினதும் அவன்தான்.

வீட்டு ரிப்பேருக்குக் கணக்குப் போடத்தான் உட்கார்ந்தோம். கையில் இருந்தது மூன்றரை லட்சம். என் வீட்டுக்காரர் சவுதியில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வந்ததற்குக் கம்பெனி கொடுத்த காசில், ஆஸ்பத்திரிச் செலவு போக மிஞ்சியது. இடுப்பில் பிளேட்டு வைத்திருக்கிறது. வாக்கர் பிடித்து நடப்பார். குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் கக்கூசு கொல்லைக் கடைசியில், கவர்மெண்டுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்தது. குத்த வைக்கிற கக்கூசு. அதற்குள் ஆள் நுழைந்தாலே சுவர் முழங்கையில் இடிக்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில், சூடு காட்டின கத்தியால் வட்டமாக ஓட்டை போட்டு, அந்தப் பீங்கானுக்கு மேலே வைத்திருந்தேன். காலையில் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் அதில் உட்கார வைத்துவிட்டு வெளியில் நிற்பேன். உள்ளே சத்தம் இல்லையென்றால் மயங்கிவிட்டாரோ என்று பயம். சத்தம் கேட்டால் நாற்காலிக் கால் ஒடிந்துவிட்டதோ என்று பயம். துபாயும் சவுதியுமாகப் பதினைந்து வருசம் சம்பாதித்துப் போட்ட மனுசன், ஐம்பது வயதில் பெண்டாட்டி காவல் நிற்கக் கக்கூசுக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்கும் அது செத்துப் போகிற மாதிரிதான் இருந்தது. வாய் திறந்து சொல்ல மாட்டார்.

அதனால் நான் கேட்டது ரெண்டே ரெண்டு. படுக்கிற ரூமுக்குப் பக்கத்தில் நெல் மூட்டை அடுக்குகிற சின்ன ரூம் ஒன்று இருக்கிறது. அதைக் கக்கூசாக்கி, உட்காருகிற பீங்கான் வைத்து, சுவரில் கைப்பிடி போட வேண்டும். மாடித் தளத்தில் ஒழுகுகிற இடத்தை அடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேஸ்திரி அளந்துவிட்டுச் சொன்னார். "பின்னாடி குழி தோண்டி உறை எறக்கணுங்க்கா. பீங்கான், டைல்சு, பைப்பு, கூலி எல்லாஞ் சேத்துத் தொண்ணூறுக்குள்ள அடக்கிரலாம். மேல ஒழுகுறதுக்கு ஒரு அறுவது. ஒன்னரைல முடிஞ்சிரும்."

ஒன்றரை போனால் மிச்சம் ரெண்டு. புதுக்கோட்டை ஹாஸ்டலில் நர்சிங் படிக்கிற மகளுக்கு ஃபீஸ் இருக்கிறது, இவருக்கு மாத்திரை இருக்கிறது. நான் எட்டாவது பாதியில் நின்றவள். கணக்கு எனக்கு நன்றாக வரும், ஆனால் பயத்தையும் இழுத்துக்கொண்டு வரும். இந்தக் கணக்கு மட்டும் அப்போது பயமுறுத்தவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மாமா தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்தால் நாலு பேருக்குச் செலவு என்று அர்த்தம்.

"ஏப்பா, வெளிநாட்டுல எலும்ப ஒடச்சுக் கொண்டாந்த காசு. அதக் கொண்டுபோயிக் கக்கூசுலயா கொட்டுவீக?"

அக்கா சிரித்தாள். சொம்பில் சாய்ந்திருந்த என் தம்பியும் சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை. ஒன்றரை லட்ச வேலை ஆறு லட்ச வேலையாக மாறப்போகிற வாசனை அவருக்குத்தான் முதலில் அடித்திருக்கும். டேப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொகப்பப் பாரு," என்றார் மாமா. "ரோடு ஒசந்து போச்சு, வீடு குழிக்குள்ள கெடக்கு. முன்னாடி ரெண்டு தூணு நிப்பாட்டி, மேல எலிவேசன் எடுத்து, கிராவல் அடிச்சு ரோட்டு மட்டத்துக்கு வாசலத் தூக்கி, ஒரு கேட்டு போடணும். உள்ள டைல்சு. அப்பத்தான் வீடு."

"கக்கூசு மாமா?" என்றேன்.

"அதுவும் இருக்கட்டும். கடைசில."

"காசுக்கு?"

அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மொய் இருக்குல்ல."

எங்கள் பக்கத்து மொய்யைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் விசேசம் என்றால் போய்ச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவோம். நாம் விசேசம் வைக்கும்போது, நாம் எழுதினதை அவர்கள் மேலே கொஞ்சம் போட்டுத் திரும்ப எழுதுவார்கள். அந்த மேலே போட்டதை, பிறகு நாம் அதற்கு மேலே போட்டுத் திருப்ப வேண்டும். இது ஒரு நாளும் தீராது. யாரும் இதைக் கடன் என்று சொல்ல மாட்டார்கள், முறை என்பார்கள். பேங்கில் வாங்கினால் தலைகுனிவு, ஊரில் வாங்கினால் பந்தலும் பாட்டும்.

"எத்தன வருசமா எழுதிக்கிட்டே இருக்கீக, ஒரு தரம் வாங்கிருக்கீகளா?" என்றார் மாமா. "ஆவணில பால் காச்சி, ஒரு விருந்தப் போடு. மூணு லச்சம் கண்ண மூடிக்கிட்டு வரும். ஐநூறு எழுதலாம்னு வாரவன் தூணப் பாத்தான்னா ஆயிரமா எழுதுவான். கக்கூசப் பாத்து எவனும் மொய் எழுத மாட்டான்."

"ரோட்டுல போறவுக உள்ள வந்து அதையா எட்டிப் பாப்பாக?" என்றாள் அக்கா.

சொம்பிலிருந்து என் தம்பி பேசினான். "அக்கா, மாமா சொல்றது கரெக்ட்டுக்கா. எலிவேசன்தான் வீட்டுக்கே லுக்கு. நான் எழுவதாயிரம் தாரேன், தைரியமாச் செய்யி."

மாமா விரலை மடக்கினார். "கையில மூணரை. மொய்யி மூணு. மச்சினன் எழுவது. ஏழு லச்சத்தி இருவது. செலவு எம்புட்டு மேஸ்திரி?"

மேஸ்திரி செல்போனில் தட்டினார். கக்கூசும் தளமும் சேர்த்து, தூணும் கேட்டும் டைல்சும் சேர்த்து, பந்தலும் ஆட்டுக்கறியும் சேர்த்து ஆறரை லட்சம் என்றார்.

"பாத்தியா, எழுவதாயிரம் மிச்சம்," என்றார் மாமா. வராத காசிலிருந்து வராத காசைச் செலவு பண்ணி, அதிலும் மிச்சம் பிடித்த மனுசனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மிச்சமும், என் தம்பி வாயால் சொன்ன எழுபதும் ஒரே தொகைதான். அது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

"மொய் கம்மியா வந்தா?" என்றேன்.

"ஏன் வராது?"

"மழ பெஞ்சா?"

"கொடையப் புடிச்சுக்கிட்டு வருவான்."

"நம்ம எழுதுன ஆளு செத்துப் போயிருந்தா?"

"மகன் எழுதுவான்."

"மகன் வெளியூருல இருந்தா?"

"இந்தப் புள்ளைக்குப் பயப்படுறதே பொழப்பு," என்று மாமா மேஸ்திரியிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த மொய்யை இப்போது வாங்கிவிட்டால் மகள் கல்யாணத்துக்கு என்ன மிஞ்சும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

கடைசியில் எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் காசு, அவர் இடுப்பு, அவர் கக்கூசு. அன்று காலையில்தான் அந்த ஓட்டை நாற்காலி ஆடி, சுவரைப் பிடித்ததில் கை சிராய்த்திருந்தது. சிராய்ப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அண்ணன் சொல்றதும் சரிதான்."

ஆம்பளைகளுக்கு இடுப்பு உடைந்தாலும் மீசை உடையாது.

வைகாசியில் வேலை ஆரம்பித்தது. எங்கள் வீடு இருபத்தியிரண்டடி அகலம். அதன் முன்னால் மேஸ்திரி நிறுத்தினது காரைக்குடிப் பங்களாத் தூண் மாதிரி ரெண்டு தூண், அடியில் தாமரை, தலையில் இலை. அச்சில் வார்த்த சிமெண்டு. சின்னப் பிள்ளைக்கு அப்பன் சட்டையை மாட்டிவிட்ட மாதிரி நின்றது வீடு. தூணுக்கும் கதவுக்கும் நடுவில் குறுக்கே திருப்பினால்தான் வாக்கர் போகும். "வாக்கர் என்ன நெரந்தரமா?" என்றார் மாமா. தூண் நிரந்தரமாம்.

டைல்சு எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போனோம். மாமாவும் அக்காவும் முன்சுவரில் ஒட்டுகிற கல்லைப் பார்த்தார்கள். ஒரு கல்லைக் காட்டினால் அதைத் தட்டிப் பார்ப்பார் மாமா. தட்டினால் என்ன தெரியும் என்று எனக்கு இன்னும் தெரியாது. கடைக்காரரும் தட்டினார். இவருக்கு நிற்க முடியவில்லை. கடை ஓரத்தில் பீங்கான்கள் வரிசையாக வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் மூடியை மூடி அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சார், அது டிஸ்ப்ளே," என்றார் கடைக்காரர்.

"தெரியுதுங்க. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக, ரெண்டு கையும் தொடை மேல். அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. நான் விலை கேட்டேன். ஆறாயிரத்து ஐநூறு. மாமாவிடம் போய், "இதையும் இப்பவே எடுத்துருவமா?" என்றேன்.

"அது கடைசிலத்தா. எடுத்துப் போட்டா ஒடஞ்சு போகும்."

அன்றைக்கு எடுத்த ஒட்டுக்கல்லின் விலை நாற்பத்தி ரெண்டாயிரம். அது மட்டும் உடையாத ஜாதி போலிருக்கிறது.

அடுத்து கேட்டு. துரு ஏறாத எஃகில், ரெண்டு பக்கமும் மயில். அரிமளத்து வெல்டிங் பட்டறையில் செய்தது. அறுபத்தி எட்டாயிரம். எங்கள் வீட்டில் திருடுகிறதற்கு அந்தக் கேட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மாமா வாரம் ஒருமுறை பட்டறைக்குப் போய், மயிலுக்குத் தோகை போதவில்லை என்று சொல்லிவிட்டு வருவார். ஒவ்வொரு தோகைக்கும் ஒரு விலை இருந்தது.

பிறகு கிராவல். லாரி லாரியாகக் கொட்டி, வாசலை ரோட்டு மட்டத்துக்குத் தூக்கினார்கள். நான் என்னென்னவோ நினைத்துப் பயந்தேன். சிமெண்டு மூட்டை நனைந்துவிடும், கிராவலில் பாம்பு வரும், சாரத்திலிருந்து யாராவது விழுவார்கள், தூண் சாய்ந்து ரோட்டில் போகிற பள்ளிக்கூட வேன் மேல் விழும். இவ்வளவு நினைத்தவள், வாசல் உயர்ந்தால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் நினைக்கவில்லை. மேஸ்திரி நினைக்கவில்லை. சிவில் காண்டிராக்டர் மாதிரிப் பேசின மாமாவும் நினைக்கவில்லை. ஆனி மாசத்தில் ஒரே ஒரு மழைதான் பெய்தது. முன்னால் தேங்குகிற தண்ணீர் எல்லாம் வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு ஓடி, கக்கூசுக்குள் போய் நின்றது. ஓட்டை நாற்காலி மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் பீங்கான் உள்வாங்கவில்லை. குழி நிறைந்துவிட்டது.

இருந்த கக்கூசும் போயிற்று. வரவேண்டிய கக்கூசு, பின்னால் உறை இறக்கத் தோண்டின வெறும் பள்ளமும், சுவரில் பைப்புக்கு உடைத்த ஓட்டையுமாக நின்றது. கதவைக் கழற்றிவிட்டார்கள், புதுக் கதவு போடவில்லை. "கைல காசு முடிஞ்சு போச்சுங்க்கா, மொய் வந்ததும் போட்டுத் தாரேன்," என்று மேஸ்திரி திருமயத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். தளத்துக்கு ஓரளவு பூசினார்கள். எலிவேசன் மட்டும் ரெண்டு கோட்டு பெயிண்ட்டோடு ஜொலித்தது.

"அதுக்கென்ன, நம்ம வீட்டுல வந்து போகட்டும்," என்றார் மாமா. அவர் வீடு ரெண்டு வீடு தள்ளி. அவர் வீட்டில் உட்காருகிற கக்கூசு இருக்கிறது, அதுவும் படுக்கிற ரூமோடு சேர்ந்தது. நல்ல காலும் நல்ல இடுப்பும் உள்ள மனுசன் தனக்கு முதலில் கட்டிக்கொண்டதை, தம்பிக்குக் கடைசியில் வைத்தார்.

தினமும் காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு இவர் அந்த ரோட்டில் போவார். பக்கத்தில் நான். மீமிசலிலிருந்து மீன் கொண்டுவருகிற வண்டிக்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் இந்த ஊர்வலம் எதற்கு என்று தெரியும். "என்னண்ணே, வாக்கிங்கா?" என்பார் அவர். இவரும் ஆமாம் என்பார். ரெண்டு வீடு தூரத்துக்கு வாக்கிங்.

நான் வாளியில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெளியில் வருவேன். இருந்தாலும் அக்கா வாசலில் நிற்பாள்.

"நேத்து சரியாத் தண்ணி ஊத்தல போல."

"ஊத்துனேங்க்கா."

"இல்ல, பெனாயிலு வாசம் இல்லையேன்னு கேட்டேன்."

மறுநாள் பெனாயில் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்குடி," என்று சொல்லிக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு மாசா மாசம் வாங்கிக் கொடுத்தேன். இவர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். ராத்திரிச் சாப்பாடு ஒரு இட்டிலி. ரெண்டு மாசத்தில் கன்னம் ஒட்டிப்போனது. "வீடு கட்டுற கவலைல எளச்சிட்டாப்புல," என்று மாமா ஊரெல்லாம் சொன்னார்.

ஆவணியில் பத்திரிகை அடித்தோம். இருபது வருசமாக அதே வீட்டில் சோறு பொங்கித் தின்கிறோம். புதுசாகப் பால் காய்ச்சுகிறோம் என்று அச்சடித்து ஊருக்குக் கொடுத்தோம். காலையில் பால், மத்தியானம் கறி விருந்து.

விருந்தன்று என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தான். எழுபதாயிரத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பான் என்று நான் அவன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து தப்பு அடித்துக்கொண்டு ஒரு குட்டியானை லோடு வண்டி வந்தது. மேலே ரெண்டு கதவு வைத்த பிரிட்ஜ், மாலை போட்டு, குங்குமம் வைத்து. பின்னால் பதினோரு தட்டில் பட்டுச்சேலையும் பழமும்.

"காசாக் குடுத்தா யாருக்குக்கா தெரியும்?" என்றான் என் தம்பி. "சீருன்னா நாலு பேரு பாக்கணும்."

மாமா அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி இருந்தார்கள் ரெண்டு பேரும். அந்தப் பிரிட்ஜ் அடுப்படிக் கதவில் நுழையவில்லை. ஹாலில் நடுவாக நின்றது, வந்தவர்களை வரவேற்கிற மாதிரி.

பந்தலில் மொய் எழுத மேசை போட்டு, கம்ப்யூட்டர் வைத்து, போனில் காசு அனுப்புகிறவர்களுக்கு ஸ்கேன் அட்டை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் தூண் ஓரமாக என் வீட்டுக்காரர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், வருகிறவர்களைக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் வந்தவர்கள் விடுவார்களா? பந்தியில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்று, "அட சாப்புடுங்க, உங்க வீட்டு விருந்துதான," என்று கறியை அள்ளி வைத்தார்கள். சாப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கையால் கூப்பிட்டார். "இந்தாத்தா. அண்ணன் வீட்டுக்குப் போகணும்."

மாமா வீடு பூட்டியிருந்தது. கூட்டம் என்று அக்கா பூட்டிவிட்டு, சாவியோடு, அவள் பிறந்த வீட்டாரைக் கூட்டிவரத் திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குக் காரில் போயிருந்தாள். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாமாவிடம் கேட்டேன். அவர் மொய் மேசையில் ஒரு பெரிய ஆளோடு சிரித்துக்கொண்டிருந்தார். "செத்த பொறுக்கச் சொல்லு, வந்துருவா," என்றார்.

எத்தனை நேரம் பொறுப்பார்? இவர் நெற்றியெல்லாம் வேர்வை. கைத்தாங்கலாகப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். கதவில்லாத அந்தச் சின்ன ரூமில், ஓட்டை நாற்காலியைப் போட்டு, அடியில் வாளியை வைத்தேன். வாசலை மறைக்க ஒன்றும் இல்லை. சீர்த் தட்டில் மேலாக இருந்த அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து, ரெண்டு ஆணியில் மாட்டித் தொங்கவிட்டேன். வெளியில் நின்றேன்.

பந்தலிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் பெரியப்பா மகன் மொய்யை என் கையில் கொடுத்துத்தான் எழுதுவேன் என்று நிற்கிறாராம். மாமா ரெண்டு தரம் ஆள் அனுப்பினார். மூன்றாவது தரம் அவரே வந்து, "பத்தாயிரத்தக் கைல வச்சுக்கிட்டு நிக்கிறாரு, நீ இங்க செவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற," என்றார். உள்ளேயிருந்து, "போத்தா, போயிட்டு வா," என்று இவர் குரல் வந்தது. போனேன்.

புது வீடு என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஒவ்வொரு ரூமாகப் போய், அலமாரியைத் திறந்து, குழாயைத் திருகி, தரையைத் தேய்த்துப் பார்த்தால்தான் பார்த்த மாதிரி. தப்புச் சொல்லவில்லை, நானும் அப்படிப் பார்த்தவள்தான். அன்றைக்கு நாலு பெண்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். பட்டுச்சேலை தொங்கவும், பூசை ரூம் என்று நினைத்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பியபடி, சேலையை விலக்கியிருக்கிறார்கள்.

நான் திரும்பி வரும்போது நாலு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. அவ்வளவு வேகமாகப் போயிருக்கிறார்கள். உள்ளே இவர் வேட்டியை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கழுவிவிட்டு, வேட்டியைக் கட்டிவிட்டு, வெளியில் கூட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த பந்தி எழுவதற்குள் பந்தல் முழுக்கத் தெரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "சாமி கும்புடப் போயி தரிசனம் கெடச்சிருச்சுல்ல," என்றது என் காதில் விழுந்தது. இவர் காதிலும் விழுந்திருக்கும். மறுபடியும் போய்த் தூண் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி ஆள் போகிற வரை கும்பிட்டு அனுப்பினார்.

சாயங்காலம் பந்தல் பிரிக்கிற சத்தத்தில் மாமா கணக்குச் சொன்னார். மொய் ரெண்டு லட்சத்து எண்பதாயிரம். கையில் இருந்த மூன்றரையும் சேர்த்து ஆறு முப்பது. வீட்டுக்குச் செலவு நாலு தொண்ணூறு, விருந்துக்கு ஒன்று நாற்பது.

"ஆறு முப்பதுக்கு ஆறு முப்பது. பாத்தியா, ஒத்த ரூவா கடன் இல்லாம முடிச்சாச்சு," என்றார். அந்த ரெண்டு எண்பதில் ஒரு லட்சத்துக்கு மேல் நாம் எழுதாத ஆட்கள் எழுதினது, அவ்வளவையும் மேலே போட்டுத் திருப்ப வேண்டும். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. முறை என்று சொல்லியிருப்பார். கக்கூசையும் சேர்க்கவில்லை.

"அது?" என்று கையைப் பின்பக்கம் காட்டினேன்.

"அடுத்த வருசம் பாப்பம்த்தா. எங்க போகுது."

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரிடம் வாக்கரை எடுத்துக் கொடுத்தேன், அண்ணன் வீட்டுக்குப் போக. வாங்கவில்லை. போனை எடுத்துத் தரச் சொன்னார். வெல்டிங் பட்டறைக்குப் பேசினார்.

"அந்தக் கேட்டக் கழட்டிக்கிட்டுப் போங்க. எம்புட்டுக்கு எடுப்பீங்க?"

பட்டறைக்காரருக்குப் புரியவில்லை. நேற்றுத்தான் பூமாலை போட்ட கேட்டு. மறுபடியும் சொன்னார். நாற்பதாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார் அவர். பேரம் பேசவில்லை இவர். அடுத்த போன் மேஸ்திரிக்கு. "இன்னைக்கு வாங்க. நாளைக்குன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

கேட்டை வண்டியில் ஏற்றும்போது மாமா ஓடி வந்தார். வேட்டி நுனி கையில், முகம் சிவந்து.

"டேய், என்னடா பண்ற? ஊரு சிரிக்காது? மானம் போகுதுடா."

"அது நேத்தே போயிருச்சுண்ணே," என்றார் இவர். "இனிமே போறதுக்குக் கேட்டு எதுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார், நான் சொல்லிக் கொடுத்ததாக நினைத்திருப்பார். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. கேட்டை விற்றால் மொய் எழுதினவர்கள் என்ன நினைப்பார்களோ, பட்டறைக்காரர் காசு தராமல் ஏமாற்றிவிடுவாரோ, ராத்திரி யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்று நான் அப்போது அடுப்படியில் நின்று பயந்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நாளில் கக்கூசு முடிந்தது. நாலு மாசம் கடைசியில் நின்ற வேலை. வெள்ளைப் பீங்கான், சுவரில் ரெண்டு கைப்பிடி, பிளாஸ்டிக் கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். முதல் நாள் இவர் தானே நடந்து போய், உள்ளே தாழ்ப்பாளைப் போட்டார். நான் பழக்கத்தில் வெளியில் நின்றேன். "நீ போயி வேலையப் பாருத்தா," என்று உள்ளேயிருந்து சொன்னார். போனேன். அன்றைக்கு ராத்திரி நாலு இட்டிலி சாப்பிட்டார்.

மாமா மூன்று மாசம் எங்களோடு பேசவில்லை. அவருக்குப் பெரிய தண்டனை அதுவல்ல. எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அவர் பஸ் ஏறப் போக வேண்டும். தாமரை வைத்த ரெண்டு தூணுக்கு நடுவில் கேட்டில்லாமல் வாசல் பப்பரப்பா என்று கிடக்கிறது. ஆடு வந்து படிக்கட்டில் படுக்கிறது. அதை விரட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆறு லட்சத்துக்கு இழுத்த எலிவேசனில் சுகமாகப் படுக்கிறது அது ஒன்றுதான்.

தொண்ணூறு என்று சொன்ன வேலை, உறைக்குப் பள்ளமும் சுவர் உடைப்பும் முன்னாலேயே முடிந்திருந்ததால் எழுபத்தி ஓராயிரத்து ஐநூறில் நின்றது. கேட்டு விற்ற நாற்பதாயிரம் அதற்குப் போனது. பிறகு ஆட்டுக்குட்டி விற்றும், நூறுநாள் வேலைக் கூலியிலும் பதிமூன்றாயிரம் கொடுத்தோம். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருகிறார், காபி குடிக்கிறார், கேட்காமல் போகிறார். அவர் கேட்டாலும் பயமாக இருக்கிறது, கேட்காவிட்டாலும் பயமாக இருக்கிறது. இன்றைய தேதிக்கு அவருக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து ஐநூறு ரூபாய்.